உறை மண்

காலையிலேயே லோகேஸ்வரி மூட்டைகளை இரண்டு தடவை எண்ணிவிட்டாள். பத்து மணிக்குச் சுற்றுச்சூழல் அதிகாரி வருகிறார். அப்பா விட்டுப்போன கிள்ளான் கழிவுச் சுத்திகரிப்பு யார்டில் கிடக்கும் எண்ணெய்க் கிணற்றுக் கழிவில் இருபது மூட்டை குறைகிறது. எடை குறைந்தால் லைசென்ஸ் போய்விடும்.

அதுவும் சாதாரண மூட்டையா? எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் நிறைந்த மண். எங்கிருந்தோ வாங்கி வந்தவை அல்ல, இங்கேயே பிறந்து பெருகியவை. பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, புதுக் கழிவு வந்தால் இதில் கொஞ்சம் அள்ளிக் கலப்பார்கள். யார்டில் அதற்கு ‘உறை மண்’ என்றே பேர்.

கேமராவைப் போட்டுப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சனிக்கிழமைதோறும் ஒரு மூட்டையை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டுகிறவர் லோரி டிரைவர் ரெங்கசாமி. செத்துப்போன அப்பாவின் வலது கை! உடனே அவரைக் கூப்பிட்டாள்.

“உறை மண்ண யாருக்கு வித்தீங்க, அங்கிள்?”

“விக்கலம்மா. டெங்கில் பக்கத்துல ஒரு கம்பத்துல, ஊர்ப் பிள்ளைங்க விளையாடுற திடல்ல போட்டேன்.”

“திடல்லயா? எதுக்கு?”

“அங்க மண்ணுக்கடியில எண்ணெய்க் கழிவு கெடக்குதும்மா. மழை பேஞ்சா மேல வருது. பந்து விளையாடுற பிள்ளைங்களுக்குக் காலெல்லாம் புண்ணு. வாராவாரம் நம்ம மண்ணப் போட்டுக் கிளறி விடுறேன். இப்பதான் புல்லு மொளைக்குது.”

“எவனோ கொட்டினதுக்கு என் லைசென்ஸ் போகணுமா? அப்பா இருந்தவரைக்கும் ஒரு கைப்பிடி கழிவு இந்த கேட்டத் தாண்டினதில்ல. அவர் பேரையே கெடுத்துட்டீங்களே!”

வாசலில் கார் வந்து நின்றது. லோகேஸ்வரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

“ஆபீசர் வந்துட்டாரு. நீங்க திருடினதாத்தான் சொல்லப்போறேன்.”

“சொல்லுங்கம்மா. கேட்டா நானும் ஒத்துக்கிறேன்.”

அவர் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது அவளை என்னவோ செய்தது. சட்டென்று ஒரு வழி தோன்றியது.

“இருங்க அங்கிள்! திடல்ல கொட்டினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா? அந்தப் பாவியப் பிடிச்சுக் குடுத்துட்டா நீங்களும் தப்பிக்கலாம், நானும் தப்பிக்கலாம் லா.”

“வேணாம்மா, விட்டுருங்க.”

“ஏன் அவனக் காப்பாத்துறீங்க? யாரு அங்கிள்?”

ரெங்கசாமி அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

“லோரிய ஓட்டிட்டுப் போனது நான்தாம்மா. கொட்டிட்டு வரச் சொன்னது உங்கப்பா.”