நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

நெபியோலோ என்ற சிவப்பு ஒயின் திராட்சையைப் பற்றி உலகம் அறியவேண்டிய அனைத்தும் புரொபசர் ஒத்தாவியோவின் கையேட்டில் உள்ளன. அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அந்த வாசகத்தை எழுதியவரும் அவரே.

அல்பா நகரத்துப் புத்தகக்கடையில் கையெழுத்து வாங்க வரிசை நின்றது. முதலில் நின்றவர், மலைச்சரிவில் கொடி வளர்த்து ஒயின் செய்யும் ஸெகோந்தோ.

"நூத்திப்பன்னிரண்டாம் பக்கத்துல நம்ம ஒயின் இருக்கு. உங்க வாயால வாசிங்க, புரொபசர்."

ஒத்தாவியோ தொண்டையைச் செருமினார். "வாடிய ரோஜாவின் மணம். அடியில் லேசாகத் தார் வாசனை. பிறகு மழை நின்ற மண்..."

"மறுபடி, மெதுவா."

வாசித்தார்.

"புளிச்ச வாடை எதுவும் இல்லையே?"

"இருந்தா எழுதியிருக்க மாட்டேனா?"

"இன்னும் ஒரு தடவை."

"புகழ்ச்சியில உமக்கு வயிறே நிறையாது போலிருக்கே!"

வரிசை சிரித்தது. ஸெகோந்தோ இன்னொரு பிரதி வாங்கப் போனார். அவர் மனைவி தெல்ஃபினா மேஜைமேல் குனிந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு வருஷம் முன்னால வந்த காய்ச்சல்ல அவர் மூக்கு செத்துப்போச்சு. ரோஜாவும் தெரியாது, வினிகரும் தெரியாது. ஞாபகத்தை வெச்சே இந்த ஒயினைச் செஞ்சார். நான் நல்லாருக்குன்னா, 'நீ சமாதானத்துக்குச் சொல்றே'ன்னு சொல்வார். ஊர்க்காரங்ககிட்ட கேக்க வெக்கம். 'புரொபசர் சொல்லட்டும், கெட்டிருந்தா கொடியை எல்லாம் பிடுங்கிடறேன்'னார். உங்க நாலு வரியைப் படிச்ச அன்னிக்குத்தான் தூங்கினார்."

ஸெகோந்தோ திரும்பி வந்தார். "அந்த மழைமண்ணை மட்டும் இன்னொரு தடவை, புரொபசர்."

ஒத்தாவியோ வாசித்தார்.

கையேட்டுக்காக ஸெகோந்தோ அனுப்பியிருந்த பாட்டிலை அவர் திறக்கவே இல்லை. அப்போதே பல் டாக்டருக்குக் கொடுத்துவிட்டார்.