பிறை பார்த்த கண்

"அந்த சோடாபுட்டிய மாட்டிக்கினு வானத்துல இன்னாத்தடா தேடுற?" என்றான் கலந்தர். முகைதீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைலி முனையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

பழவேற்காட்டுப் பள்ளிவாசல் மாடியில் கூட்டம் நெருக்கியது. இருபத்தொன்பதாம் நோன்பு திறந்தாகிவிட்டது. பிறை தெரிந்தால் நாளை பெருநாள், தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு.

ஆறு மாதத்துக்கு முன்பு கலந்தர் மெட்ராஸ் போய், கருவிழியில் கத்தியால் கீறிப் பார்வையைச் சரிசெய்துகொண்டு, கண்ணாடி இல்லாமல் வந்து இறங்கினான். 1986இல் அது பெரிய அதிசயம். கண் திறந்ததோ இல்லையோ, வாய் நன்றாகத் திறந்துவிட்டது. அன்று முதல் கண்ணாடி போட்டவன் எவனும் அவனுக்கு மனுஷனே இல்லை. இத்தனைக்கும் முன்பு அவன் போட்டிருந்தது முகைதீனுடையதைவிடத் தடித்த கண்ணாடி.

சற்று முன்புகூட ஏரியைப் பார்த்து, ரெண்டு படகு வருகிறது என்றான். கரைக்கு வந்தது அர்ஜுனனின் படகு ஒன்றுதான். இன்னொன்று காட்டுப்பள்ளிப் பக்கம் திரும்பியிருக்கும் என்று அவனே தீர்ப்பும் சொன்னான். ஆபரேஷன் செய்த கண்ணோடு யார் வாதாடுவது?

மேற்கே மேகம் கொஞ்சம் விலகியது. "அதோ பிறை" என்று கையை நீட்டினான் கலந்தர். மற்றவர்களுக்கு மேகத்தின் ஓரம் வெளுத்திருந்தது மட்டும்தான் தெரிந்தது.

ஜமாஅத் தலைவர் அப்துல் ஹை அசைந்து கொடுக்கவில்லை. பெருநாள் பிறைக்கு ரெண்டு சாட்சி வேண்டும், ஒருத்தன் பேச்சை நம்பி ஊர் நோன்பைக் கெடுக்க முடியாது என்றார்.

கலந்தர் முகைதீனின் தோளைப் பிடித்து இழுத்தான். "நீயும் பாத்தேனு சொல்லு. இல்லனா உன் கண்ணு அவிஞ்சி போச்சுனு ஊரே சிரிக்கும்."

முகைதீனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆறு மாதமாகக் கேட்ட ஏச்சில் தன் கண்மேல் அவனுக்கே நம்பிக்கை போயிருந்தது. ரமலானில் போய்ப் பொய்ச்சாட்சியா? கூட்டம் முழுக்க அவன் வாயையே பார்த்தது. பார்த்தேன் என்று சொல்லித் தொலைக்க வாயைத் திறந்தான்.

அதற்குள் கலந்தருக்குப் பொறுமை போய்விட்டது. அவனைத் தள்ளிவிட்டுத் தலைவரிடம் சீறினான்.

"சாட்சி ஒண்ணுதான்னு இன்னா மாமா பெரிசா பேசுறீங்க? அங்க பிறையே ரெண்டு நிக்குது."