மரியாதைப் பன்மை

நஞ்சகேதுகளா, நஞ்சகேதுக்களா? தொலைக்காட்சியில் இரண்டு பேராசிரியர்கள் இதற்காக அடிதடியில் இறங்காத குறைதான். எல்லோர் தலையிலும் பதித்திருக்கும், நினைவுகளைச் சேமிக்கும் சில்லைத் தாக்குகிற வைரஸ்களுக்கு, மாயாஜாலத் தொடர்களின் வில்லன் பெயரை வைப்பது வழக்கம். இந்த முறை நஞ்சகேது. அதன் பன்மைக்கு ‘க்’ வேண்டுமா என்பதுதான் ஊரெங்கும் பேச்சு.

சோற்றில் கைவைத்த இளம்பரிதி திடீரென்று நஞ்சகேதுவின் சிரிப்பைச் சிரித்தான். “அப்பா, இன்னொருவாட்டி!” என்று கைதட்டினாள் மகள் மகிழினி. அவன் மனைவி முத்தரசிக்குத்தான் அது வைரஸின் அறிகுறி என்று உறைத்தது. உடனே உதவி எண்ணை அழைத்தாள்.

“சீக்கிரம் ஏதாச்சும் பண்ணுங்க! அவங்களுக்கு நஞ்சகேது வந்துருச்சு!”

கணவனை அவள் ஒருநாளும் ‘அவன்’ என்று சொன்னதில்லை.

“பன்மை பதிவானது,” என்றது இயந்திரக் குரல். “வைரஸை நீக்க, பேசியவரைத் தவிர வீட்டில் உள்ள எல்லோருடைய நினைவும் அழிக்கப்படும்.”

“ஐயோ, ஒரே ஆளுதான்! என் வீட்டுக்காரரு மட்டுந்தான்! மரியாதைக்கு அப்படிச் சொன்னேன்!”

“மரியாதையைக் கணக்கில் எடுப்பதில்லை.”

அப்பா தலையும் மகள் தலையும் ஒன்றாகத் தொங்கி, ஒன்றாக நிமிர்ந்தன. தொலைக்காட்சியில் ‘க்’ வேண்டாம் என்றவருக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

முத்தரசி மகளை வாரி எடுத்தாள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து அம்மாவை ‘நீ, வா, போ’ என்று மட்டுமே பேசிய குழந்தை, அவள் பிடியிலிருந்து நெளிந்து விலகிக் கேட்டது:

“நீங்க யாரு?”