மாப்பிளைக் காரும் மீன் லொறியும்

"வெட்டடா! வெட்டு!"

தாய்மாமன் தம்பிஐயா கத்தினதுதான் தாமதம், கார்க்காரன் வெட்டினான். கலியாணக் கார் றோட்டை விட்டிட்டுப் பக்கத்துத் தோட்டத்துச் செம்பாட்டுச் சேத்துக்குள்ளை போய்க் குந்திக்கொண்டுது.

எதிரை எண்ணெய்க்குடத்தோடை வந்த மனிசன் தன்ரை பாட்டிலை நடந்து போனார்.

"அப்பாடா, சகுனப்பிழையை விலத்தியாச்சு," எண்டார் தம்பிஐயா.

"ஓம் அம்மான். றோட்டையும் விலத்தியாச்சு," எண்டான் மாப்பிளை சீவரத்தினம்.

பகிடி வாயிலைதான். உள்ளுக்குப் பயம். மாப்பிளை அரியாலை, பொம்பிளை இணுவில். மாமனார் நாகலிங்கத்தார் முதலே சொல்லிப்போட்டார்: "முகூர்த்தம் தப்பினால் என்ரை வாசலிலை தாலி ஏறாது." மூத்த மகளுக்கு மாப்பிளை வீடு பிந்தினதெண்டு, பந்தல்காரனைக் கூப்பிட்டு ஓலையை உருவச் சொன்ன மனிசன் அவர்.

தள்ளிப் பாத்தினம். சில்லு நிண்ட இடத்திலையே சுத்தி எல்லாருக்கும் சேறு பூசினதுதான் மிச்சம். றோட்டாலை போன வண்டில்காரர் "ஆர், மாப்பிளையோ?" எண்டு கேட்டுப்போட்டுப் போச்சினம்.

பிறகு ஒரு மணம் வந்துது. மணத்துக்குப் பின்னாலை லொறி வந்துது. குருநகரிலையிருந்து மருதனார்மடம் சந்தைக்குப் போற மீன் லொறி. ஓட்டிவந்த சிமியோன், கேக்காமலே நிப்பாட்டிக் கயிறோடை இறங்கினான்.

தம்பிஐயா சால்வையாலை மூக்கைப் பொத்தினார். "கலியாணக் காருக்கு மீன் லொறிக் கயிறோ? முதல் உந்த மீனை இறக்கடாப்பா!"

"இறக்கினால் என்ரை சில்லும் வழுக்கும் ஐயா. பாரம் கிடந்தால்தான் லொறி இழுக்கும். எல்லாரும் இறங்குங்கோ. மாப்பிளையும்தான்."

"மாப்பிளை சேத்துக்கை கால் வைக்கிறதோ?"

"கயிறு அறுந்து அடிச்சால், வைக்கிறதுக்குக் கால் இருக்காது."

சீவரத்தினம் பட்டுவேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு இறங்கினான். முழங்கால் மட்டும் சேறு.

சிமியோனுக்கு மரியாதை கொஞ்சம் குறைவுதான். சில்லுக்கு முன்னாலை சேத்தைக் கிண்டுவிச்சான், பனையோலை பரப்புவிச்சான், மாப்பிளையையும் விடேல்லை. காரின்ரை முன் தகரத்திலை கயித்தைக் கட்டப்போன கார்க்காரனுக்குப் பேச்சு விழுந்துது: "உதிலை கட்டினால் தகரம் மட்டும் என்னோடை சந்தைக்கு வரும். அச்சிலை கட்டு!" கயித்துக்கு நடுவிலை ஈரச்சாக்கைப் போட்டான். அறுந்தாலும் துள்ளி எழும்பாதாம். கடைசியா, "ஐயா, கயித்தின்ரை நீளத்துக்கு அங்காலை போய் நில்லுங்கோ" எண்டு தம்பிஐயாவைக் கலைச்சான்.

"என்னைக் கலைக்கிறான் பார், மாடு கலைக்கிற மாதிரி!"

லொறி உதறாமல் மெள்ள நகந்துது. கயிறு விறைச்சுது. சேறு 'பொளக்' எண்டு பிடியை விட்டுது. கார் றோட்டிலை ஏறியிட்டுது.

ஆனால் எஞ்சின் வாய் திறக்கேல்லை.

"பொம்பிளை ஆற்றை வீடு?" எண்டான் சிமியோன்.

"நாகலிங்கத்தாற்றை வீடு அண்ணை."

"ஆர், பந்தல் ஓலையை உருவுவிச்ச மனிசனோ?" சிமியோன் மாப்பிளையின்ரை செக்கச் செவேலெண்ட காலை ஒருக்காப் பாத்தான். "ஏறுங்கோ. இழுத்துவிடுறன்."

மீன்தண்ணி சொட்டச் சொட்ட லொறி முன்னாலை. தம்பிஐயா புறுபுறுக்கப் புறுபுறுக்கக் கார் பின்னாலை.

வாழைமரம் கட்டின வாசல் தெரியிற வளைவிலை லொறி நிண்டுது. சிமியோன் கயித்தை அவிட்டான்.

"இனித் தள்ளிக்கொண்டு வாங்கோ."

"அண்ணை, இந்தா வீடு தெரியுது. இன்னும் கொஞ்சம்..."

"மீன் பழுதாப்போம் தம்பி."

லொறியிலை ஏறிப் போயிட்டான்.

"பாத்தியோ உவன்ரை குணத்தை! நடு றோட்டிலை விட்டிட்டு..."

தம்பிஐயா முடிக்கேல்லை. லொறி நேரை போய்ப் பொம்பிளை வீட்டு வாசலிலை நிண்டுது. சிமியோன் குதிச்சிறங்கி நாகலிங்கத்தாரோடை கதைச்சான். இந்தப் பக்கம் கையை நீட்டினான். லொறியைக் காட்டினான். தன்ரை முழங்காலைத் தொட்டு, இவ்வளவு சேறெண்டு காட்டினான்.

"முடிஞ்சுது! மாப்பிளையை மீன் லொறியிலை கட்டி இழுத்துக்கொண்டந்தனெண்டு கோள் சொல்லுறான்!"

காரைத் தள்ளின கையை எடுத்துச் சீவரத்தினம் வேட்டியாலை காலை மறைக்கப் பாத்தான்.

லொறி போச்சு. நாகலிங்கத்தார் மேளகாரரையும் விலத்திக்கொண்டு விறுவிறெண்டு வந்தார். மாப்பிளையின்ரை காலைப் பாத்தார். வேட்டியைப் பாத்தார். மூக்கை உறிஞ்சி மணந்தும் பாத்தார்.

"சம்பந்தி, நடந்தது என்னெண்டால்..." எண்டு தம்பிஐயா துவங்கினார்.

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். அவன் எல்லாம் சொல்லிப்போட்டான்."

மாப்பிளைக்குக் கால் கழுவப் பொம்பிளையின்ரை தம்பி செம்போடை வந்தான். நாகலிங்கத்தார் செம்பைப் பறிச்சார்.

"விடு. இண்டைக்கு இந்தக் காலை நான்தான் கழுவோணும். அவன்ரை லொறி சேத்திலை புதைஞ்சு கிடந்ததாம். றோட்டாலை போன ஒருத்தரும் நிக்கேல்லையாம். இந்தப் பிள்ளைதானாம் மீன் மணத்தையும் பாராமல், பட்டுவேட்டியோடை சேத்துக்கை இறங்கி லொறியை எடுத்து விட்டது. அதாலைதான் காரும் பழுதாப்போய், நேரமும் போச்சுதாம்!"

சீவரத்தினம் லொறி போன திக்கைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

கந்தசாமி கோயிலும் அந்தப் பக்கம்தான். மாப்பிளை சாமி கும்பிடுறாரெண்டு சனமெல்லாம் திரும்பிக் கும்பிட்டுது.

மூக்கிலை கிடந்த சால்வையை எடுத்து முதல் ஆளா இடுப்பிலை கட்டினவர் தம்பிஐயாதான்.