கொசுறாக ஒரு ப்ளீஸ்

வீட்டு வாசலில் காரை நிறுத்திய மெத்தைக் கடைக்காரர், பின்சீட்டுப் பக்கம் திரும்பி, "கெட் அவுட்" என்றார். ஒரு கணம் யோசித்து, "ப்ளீஸ்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

வரவேற்க நின்றிருந்த அவர் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏங்க, வந்த மருமகள வாசலோடயே தொரத்துறீங்களா?" என்று பல்லைக் கடித்தாள்.

"எறங்கத்தான் சொன்னேன். அதே சரக்குதான், எடத்துக்கு ஏத்த மாதிரி வேற வேற வேலை பாக்கும்."

சரக்கு வந்த கதை இதுதான். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரே மகன், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, அவளை முன்னால் அனுப்பிவைத்தான். "பேச்சப் பத்தி நீங்க கவலையே படாதீங்கப்பா" என்று அவன் போனில் சொன்னது, தனக்கு இங்கிலீஷ் வராததைக் குத்திக் காட்டுவதாக அப்பாவுக்குச் சுருக்கென்று தைத்தது. முதல் நாளே மருமகள் முகம் சுளித்தால், பையன் அந்த ஊரோடு ஒட்டிக்கொள்வானே என்ற பயம் வேறு.

நேரே ட்யூஷன் டீச்சரிடம் போனார். முழு இங்கிலீஷ் வேண்டாம், எடுத்தால் தேங்கிப்போகும்; எல்லாத்துக்கும் ஓடுகிற மாதிரி ஒரே ஒரு வினைச்சொல் கொடுங்கள் என்று பேரம் பேசினார். டீச்சர் 'கெட்'டை எடுத்து விரித்துக் காட்டினார். ஏற, இறங்க, எழுந்திருக்க, வாங்க, கொண்டுவர, புரிந்துகொள்ள, எல்லாத்துக்கும் அது ஒன்றே போதும்.

ஒரே துணியில் மெத்தை உறை, தலையணை உறை, ஜன்னல் திரை எல்லாம் வெட்டிய திருப்தி கடைக்காரருக்கு. கிளம்பும்போது கொசுறாக ஒரு 'ப்ளீஸ்' கேட்டு வாங்கிக்கொண்டார்.

சரக்கு சோடை போகவில்லை. மகன் அனுப்பிய ஒரே படத்தில் ஜோடி இரண்டும் பைக் மேல் ஹெல்மெட்டோடு இருந்ததால், அவள் போட்டு வருவதாக மகன் சொன்ன சிவப்புக் கோட்டுதான் அடையாளம். விமான நிலைய வாசலில் கோட்டைப் பார்த்ததும் பெட்டியைப் பிடுங்கி "கெட் இன்" என்றார். பெண் மறுபேச்சில்லாமல் ஏறிக்கொண்டாள்.

இப்போது கூடத்தில் "ஐ கெட் காபி" என்றார். காபி வந்தது, குடித்தாள். குடித்து முடித்ததும் செல்போனில் ஒரு பெரிய ஹோட்டலின் படத்தைக் காட்டி, வாசலைக் காட்டி, மளமளவென்று என்னவோ சொன்னாள்.

"வீடு சின்னதா இருக்குன்னு சொல்றாளோ?" என்று மனைவி காதைக் கடித்தாள்.

கடைக்காரர் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் வியாபாரி, விடுவாரா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளை மாடி அறைக்கு அழைத்துப் போனார். கடையிலேயே உசத்தியான மெத்தை அங்கே விரித்துக் கிடந்தது. "யூ கெட் ஸ்லீப். ப்ளீஸ்" என்றார்.

அந்தப் பெண் மெத்தையை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தாள். உட்கார்ந்தாள். பயணக் களைப்போ என்னவோ, சாய்ந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் குறட்டைவிட ஆரம்பித்துவிட்டாள்.

கடைக்காரர் மீசையைத் தடவியபடி கீழே வந்தார். "பாத்தியா? ஒத்த வார்த்தையில மருமகள நம்ம வீட்டுப் பொண்ணாவே ஆக்கிட்டேன். பையன் இனிமே எங்க போவான்?"

அவர் போன் அடித்தது. புது நம்பர். எடுத்துக் காதில் வைத்தார். ஒரு பெண் குரல், தண்ணீர் பட்ட பாடாய்த் தமிழ்.

"மாமா, நான் இன்னும் ஏர்போர்ட் வாசல்லயேதான் நிக்கிறேன், நீங்க கிளம்பிட்டீங்களா?"