பதில் சொல்லாத ஊர்

என் கணவரின் அக்கா செங்கமலம் அன்று போனில் சிரித்தாரா, கோபப்பட்டாரா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை.

கடலோர ஊர்களில் அரசு அனுப்பும் பேசும் கருவி ஒன்று வீடுவீடாகப் போய், ஊரைக் கடலிலிருந்து காக்க எவ்வளவு தருவீர்கள் என்று கேட்கும். அதிகம் சொல்லும் ஊருக்குத் தடுப்புச்சுவர். அந்த முறையை வகுத்தவர் என் கணவர், பொருளாதாரப் பேராசிரியர் குணபாலன். அவர் பிறந்த ஊரோ கருவியை விரட்டிவிட்டது.

அங்கேயே வாழ்ந்த அக்கா செங்கமலத்திடம் என் கணவர் போனில் கெஞ்சினார். "ஏதாவது ஒரு தொகை சொல்லுக்கா. சொல்லலன்னா சைபர்னு போட்டுக்கும்."

"பொறந்த ஊருக்கு வெல பேசணுமாடா, பெரிய புரொபசரு? நீ போட்ட விதிதானே, மாத்து."

"ஒனக்காக எப்படிக்கா மாத்துறது?"

செங்கமலம் கடைசிவரை தொகை எதுவும் சொல்லவில்லை.

சுவர் அடுத்த ஊருக்குப் போனது. இந்த ஊரைக் கடல் கொண்டது. வெளியேற மறுத்த செங்கமலம் அங்கேயே இறந்தார். என் கணவர் இன்னும் அதே முறையைத்தான் கற்பிக்கிறார். நான் அவரைப் பிரிந்து தனியாக இருக்கிறேன்.