குறுக்கே வந்த கை

அப்பாவின் இடுப்புக்குக் குறுக்கே துப்பட்டாவைப் போட்டு, இருக்கையின் இரண்டு கைப்பிடிகளிலும் இறுக்கி முடிந்தாள்.

இல்லாவிட்டால் அவர் சரிந்து சரிந்து கீழே போய்விடுவார்.

அவளுக்கு மறுபக்கத்து இருக்கையில் இருந்தவர் ஈரோட்டில் ஏறியதிலிருந்து இதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் சும்மா இருக்கவில்லை.

"ரயிலுக்கு எதுக்குங்க பெல்ட்டு? இதென்ன காருங்களா?"

அவள் முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் அப்பாவின் மடியில் கிடந்தது.

இடது கை.

ஆடியில் பக்கவாதம் வந்தபோது விழுந்த கை. எண்ணெய் தேய்த்தாயிற்று. பிசியோதெரபி, கரண்ட் வைப்பது, எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு விரல் அசையவில்லை. இனி வராதும்மா என்று உள்ளூர் டாக்டர் சொல்லிவிட்டார். நாளை சென்னையில் இன்னொருவர் பார்க்கப்போகிறார். அவரும் அதையே சொன்னால் அத்தோடு முடிந்தது.

அவளே மனதுக்குள் பாதி முடித்துவிட்டிருந்தாள். யாரோ விட்டுப்போன சாமானைப் போலத்தான் தினமும் அதைக் கழுவித் துடைத்து அவர் மடியில் எடுத்து வைத்தாள்.

ஜோலார்பேட்டை தாண்டியிருக்கும். காலடியில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

யாரோ சங்கிலியை இழுத்திருக்க வேண்டும்.

பெட்டி முழுக்க ஒரே தள்ளு. மேலே பைகள் உருண்டன. பெல்ட் எதற்கு என்று கேட்டவரின் மூக்கு முன்னிருக்கையில் போய் இடித்தது. அவளும் தலைகுப்புறப் போனாள்.

போகவில்லை.

நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கை.

இரும்புக் குழாய் மாதிரி விறைத்து நின்று அவளைப் பின்னால் தள்ளிப் பிடித்திருந்தது.

சின்ன வயதில் அப்பா ஓட்டிய பால் வண்டியில் முன்னால் அவள்தான் உட்காருவாள். பெல்ட்டாவது ஒன்றாவது. பிரேக் போடும்போதெல்லாம் அவருடைய இடது கை தானாக வந்து அவளை மறிக்கும். கண் என்னவோ ரோட்டில்தான் இருக்கும். கேட்டால், நான் எங்கே பிடித்தேன் என்பார்.

குனிந்து பார்த்தாள். அதே இடது கை.

டாக்டர் கூப்பிட்டு வராத கை. அம்மா சாமிக்கு வேண்டிக்கொண்டும் வராத கை. எங்கே இருந்தது இத்தனை நாளும்?

"அடி கிடி பட்டிருச்சா அம்மிணி?"

அப்பா அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் பார்க்கவில்லை.

"இல்லீங்கப்பா."

அதற்கு மேல் சொல்லப் பயமாக இருந்தது. சொன்னால் அது ஓடிப்போய்விடுமோ என்று பயம்.

கை மெல்ல நழுவி அவர் மடியில் விழுந்தது. பழையபடி கிடந்தது.

ரயில் கிளம்பியது. இப்போது ஒரு குலுக்கல்கூட இல்லை.

அவள் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, விழுகிறவளைப் போல, வேண்டுமென்றே முன்னால் சாய்ந்தாள்.